காமன் பொட்டலும் கூத்தின் நியமங்களும்

கற்பனையான ஓர் உலகத்தைச் சமைத்து, அதற்குள் வேடம் பூண்டு வாழ்ந்து பார்க்கும் விளையாட்டு எதுவாயினும், அதற்குக் களம் ஒன்றும் விதி ஒன்றும் இன்றியமையாதவை. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்ட நாள்முதல், மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் மாறி விளையாடுவோரிடையே, நல்ல உலகம் முதன்மையா, நல்ல விதி முதன்மையா என்னும் விவாதம் ஓயாது நடந்து வருகிறது. இலங்கையில் கண்டிச் சீமையின் தேயிலைத் தோட்டங்களில் மாசிதோறும் ஆடப்பட்டு வந்த காமன் கூத்தை அறிந்தவருக்கு இவ்விவாதம் சற்று விநோதமாகவே படும். ஏனெனில் அங்கே களத்தை விதியினின்றும், விதியைக் களத்தினின்றும் பிரித்தெடுக்க ஒருவராலும் இயலாது.

1815 மார்ச் 2-ஆம் நாள் ஒப்பந்தத்தால் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1824-இல் கம்பளைக்கு அருகே சிங்ஹாபிட்டியவில் ஜார்ஜ் பேர்ட் என்பவர் காப்பி பயிரிடத் தொடங்கியபின், மலைச் சரிவுகளில் காடு அழிந்து தோட்டம் பெருகிற்று. மன்னார்க் கரையில் இறங்கி, காடும் காய்ச்சலும் கடந்து, மாத்தளை வழியே நடந்து வந்த தென்னிந்தியத் தொழிலாளரில் பெரும்பாலோர் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியவர்களே. அந்தப் பருவம் ஆண்டின் பிற்பகுதிக்கு உரியது. ஆகவே மாசிப் பிறையை மலையிலே கண்டவர் அக்காலத்தில் அதிகமிருந்திரார். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869 முதல் பரவிய இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் காப்பியை மாய்த்தது. பன்னிரண்டு மாதமும் கொழுந்து தருகின்ற தேயிலையோ, பருவத்துக்கு வந்து போகும் ஆட்களை விரும்பாமல், லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் குடும்பத்தோடு தங்கும் ஆட்களையே வேண்டிற்று. காமன் கூத்து மலையில் வேரூன்றியது இந்த மாற்றத்துக்குப் பின்னரே என்று கருத நிரம்ப இடமுண்டு. இரவெல்லாம் திறந்த வெளியில் ஆடவேண்டிய கூத்துக்கு, மழை ஓய்ந்த மாசி மாதம் அந்த மலைகளில் வாய்ப்பாகவும் அமைந்தது.

மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறை கண்டு காமன் நடுவார்கள். லயங்களை அடுத்துக் கிடக்கும் ஒரு வெற்றிடம் அன்று முதல் காமன் பொட்டல் ஆகிவிடும். கரும்பும் பிற கொம்புகளும் வைக்கோலும் சேர்த்துக் கட்டிய கம்பம் அதன் நடுவே நிற்கும், வறட்டிகள் சுற்றி அடுக்கப்படும், தப்பு முழங்கும். ரதியாகவும் அவள் கணவன் காமனாகிய மதனாகவும் வேடம் புனைந்தோர், ஆடவன் ஒருவனே ரதியாக, தீப்பந்த வெளிச்சத்தில் லயம் லயமாகச் சென்று ஆடுவார்கள். ஒவ்வொரு வாசலும் அவர்களை வரவேற்கும் மண்டபமாகிவிடுகிறது. பகலில் துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் உரிய அதே தோட்டத்துப் பாதை இரவில் கைலாயத்துக்குப் போகும் பாதையாகிறது. ஒரு சாண் நிலமும் தம் பெயரில் இல்லாத மக்கள், நிலத்துக்கு வேறொரு வரைபடம் எழுதி ஆண்டுக்கொருமுறை அதன்மேல் நடந்தார்கள். உலகத்தை ஆக்கும் கலையில் இதனினும் சிக்கனமான வேலையை நான் அறியேன்.

இனி விதிகளைக் கவனிப்போம். ரதி மதனாக ஆடுவோர் காப்புக் கட்டி விரதம் இருக்கவேண்டும். காப்புக் கட்டியபின் இடையில் விலகுதல் கூடாது. பாட்டும் அடவும் தெரிந்த கூத்து மாஸ்டர் வைத்ததே சட்டம்; யார் எப்போது பிரவேசிப்பது, எந்தப் பாட்டை எத்தனை சுற்றுப் பாடுவது, ஆவேசம் வந்தவரை எப்போது தாங்கிப் பிடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பகடை உருட்டுவதில்லை, ஏனென்றால் முடிவு முன்பே தெரிந்தது: மதன் எரிந்தே தீரவேண்டும், பின்னர் உயிர்பெற்றே தீரவேண்டும். அப்படியானால் விளையாட்டு எங்கே இருக்கிறதென்று கேட்கலாம். முடிவைக் கட்டிவைத்து நடுவை அவிழ்த்துவிட்டதில்தான் இருக்கிறது. சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போகும்படி ஓலைத்தூதன் வந்து அழைக்கிறான். தீய கனாக் கண்ட ரதி, போகவேண்டாமென்று மதனை மறிக்கிறாள். அவள் தந்தை தட்சனின் யாகத்துக்கு நேர்ந்த கதியையும் எடுத்துக்காட்டி அவள் தடுக்க, அவன் வீரம் பேச, இத்தர்க்கம் நள்ளிரவு தாண்டியும் நீளும். ரதியாக ஆடுகிறவன் வாக்குவன்மை உள்ளவனாயின், மதன் எரியத்தான் போகிறான் என்று அறிந்த பெண்களே இன்று ஒருவேளை அவன் தங்கிவிடக்கூடும் என்று ஏங்கத் தொடங்குவார்கள். இடையிடையே குறவனும் குறத்தியும் வந்து தோட்டத்து வம்புகளை நுழைத்துச் சிரிக்கவைப்பதும் உண்டு. விதியே அவர்களுக்கு அந்தச் சலுகையை அளித்திருக்கிறது. பிறகு நெற்றிக்கண் திறக்கும், வீரபத்திரன் பந்தமேந்திப் பாய்வான், கம்பம் பற்றி எரியும், ரதியின் ஒப்பாரியில் லயத்துப் பெண்கள் தங்கள் சொந்தச் சாவுகளையும் சேர்த்து அழுவார்கள்.

முடிவு தெரிந்ததனால் வாதம் அற்றுப்போகவில்லை என்பதற்குத் தஞ்சைப் பக்கத்து லாவணிப் பாட்டே சாட்சி. காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் பிரிந்து, எரிந்த கட்சி எரியாத கட்சி என்று பெயர் சூட்டிக்கொண்டு, டேப்பும் தந்தியும் கூட்டி விடியவிடியப் பாடிக் கேள்வி தொடுத்தார்கள். விதியின் பொருளைப் பற்றிய சர்ச்சையையே கலையாக்கிக்கொண்ட சமூகம் அது.

மீண்டும் கண்டிச் சீமைக்கே வருவோம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிலத்தை ஹந்தானை மலை தன் அடிவாரத்தில் தாங்கி நிற்கிறது. அங்கே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்துச் செப்பனிட்டு, 1962-இல் 'கர்ணன் போர்', 1964-இல் 'இராவணேசன்' என்று மேடையேற்றியது ஈழத்து நாடக வரலாற்றில் மங்காத சாதனை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அப்பல்கலைக்கழகத்தின் தலைக்குமேலேயே எழுந்திருந்த மலைகளின் தப்பொலிக்கு அதே கவனம் அக்காலத்தில் கிட்டவில்லை. மலையகத்தின் வாய்மொழிச் செல்வத்தைத் தொகுக்கும் பணியைத் தோட்டத்திலேயே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மேற்கொண்டனர்.

இந்தக் கூத்துக்கு நேர்ந்த பெரிய ஊறு, பொழுதுபோக்குச் சாதனங்களால் வந்ததன்று. 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாக்கிற்று. 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று பங்கிட்டது. கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் தலைமன்னார்க் கப்பலேறியவர்களில் மாஸ்டர்களும் இருந்தார்கள், மதனும் தப்படிப்பவரும் இருந்தார்கள். பாட்டு ஏட்டில் இருந்ததைக் காட்டிலும் நெஞ்சில் இருந்தது அதிகமாகையால், ஒருவர் போனபோது ஒரு பாத்திரமே போயிற்று.

இன்றும் சில தோட்டங்களில் காமன் நடப்படுகிறான். கலைவிழா மேடைகளிலும் அரைமணி நேரக் காமன் கூத்து ஏறுகிறது. ஒளியும் ஒப்பனையும் குறையின்றி அமைகின்றன. விரதமும் லயவலமும் அங்கே விடப்பட்டுவிடுகின்றன. ரதியின் மறிப்பு நான்கு வரியில் முடிகிறது. சாம்பல் மூன்று நாள் கிடந்தபின்னரே மதன் எழுப்பப்படவேண்டும் என்ற நியமத்துக்கு, அடுத்த நிகழ்ச்சிக்காரர் திரைக்குப் பின்னால் நிற்கும்போது, யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.