சாராள் தக்கர் கல்லூரி: படிப்புகளும் மாணவியர் சேர்க்கையும்

சாராள் தக்கர் கல்லூரி, பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் உள்ள மகளிர் கலை அறிவியல் கல்லூரி. தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலித் திருமண்டலம் இதை நடத்துகிறது. அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரியான இது, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கல்லூரி என்ற பெயரில் இதன் வயது 1895இலிருந்து எண்ணப்படுகிறது. தென்னிந்திய மகளிர் கல்லூரிகளில் மூத்தது என்ற பெருமை இதற்கு உண்டு. திருவனந்தபுரத்து மகாராஜா மகளிர் கல்லூரி 1897இலும், சென்னை இராணி மேரி கல்லூரி 1914இலும், மகளிர் கிறித்தவக் கல்லூரி 1915இலும்தான் வந்தன.

கல்லூரிக்கு முன்பே இங்கே ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் பெண் ஆசிரியர்களை உருவாக்க எழுந்த அந்தப் பள்ளியின் மேல்தான் உயர்நிலைப் பள்ளியும் கல்லூரி வகுப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தன. இங்கே என்ன பாடம் நடந்தது, யார் வந்து சேர்ந்தார்கள் என்ற இரண்டையும் அந்தத் தொடக்கமே நெடுங்காலம் தீர்மானித்தது.

கடாட்சபுரம்

சாராள் தக்கர் இந்தியாவைப் பார்த்தவரல்லர். அவருடைய சகோதரர் ஜான் தக்கர் 1833 முதல் 1847 வரை சென்னையில் சி.எம்.எஸ். எனப்படும் சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராக இருந்தார். அவர் மூலம் வந்த செய்திகளைக் கொண்டு, உடல் நலம் குன்றிய நிலையிலும், இங்கிலாந்தில் இருந்தபடியே தென்னிந்திய மிஷன் பணிகளைப் பற்றி 1842–43இல் சாராள் ஒரு நூல் எழுதினார். பிறகு கனடாவின் ரூப்பர்ட் நிலப்பகுதி, மேற்கு ஆப்பிரிக்காவின் அபியோகுட்டா, நியூசிலாந்து ஆகியவற்றைப் பற்றியும் எழுதினார். எழுதிப் பெயர் பெற்ற இப்பெண்ணின் மனத்தில் நிலைத்து நின்றது திருநெல்வேலிச் சீமையின் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பில்லை என்ற செய்தி. அவர் நண்பர்களிடம் திரட்டி அனுப்பிய பணத்தில் இங்கே பள்ளி வேலை தொடங்கியது. அவர் மறைந்த பின் நண்பர்கள் நினைவு நிதி திரட்டினார்கள். 1858இல் அவர் பெயரில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சி நிறுவனம் தோன்றியது. சென்னையில் அரசு தொடங்கிய பெண்கள் நார்மல் பள்ளி 1870 வாக்கில் வந்தது. திருநெல்வேலிச் சீமை பத்தாண்டுக்கு மேல் முந்திக்கொண்டது.

பயிற்சிப் பள்ளி முதலில் அமைந்த இடம் சாத்தான்குளத்தை அடுத்த கடாட்சபுரம். தேரி மணலும் பனங்காடுமான அந்தப் பக்கத்தில் ஏன் என்று கேட்கத் தோன்றும். அந்த ஊரில் அப்போது போதகராக இருந்தவர் ஜான் தேவசகாயம். 1830இல் குருப்பட்டம் பெற்ற அவர், தென்னிந்திய சி.எம்.எஸ். வட்டாரத்தின் முதல் இந்தியப் போதகர். பெண் கல்வி அவர் வீட்டுக்குள்ளேயே வேர்விட்டிருந்தது. அவருடைய மகள் அன்னாள், வி.தி. சத்தியநாதனை மணந்து சென்னைக்குப் போய்ப் பெண்கள் பள்ளிகளை நடத்தினார். தாய்மார்களுக்காகத் தமிழில் நூல் எழுதினார். அன்னாளின் மகன் சாமுவேல் சத்தியநாதன். சாமுவேலின் முதல் மனைவி கிருபாபாய் ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதியவர். இரண்டாம் மனைவி கமலா, சென்னை மாகாணத்தின் முதல் பட்டதாரிப் பெண்களில் ஒருவர். 1901இல் இந்தியப் பெண்களுக்காக ஆங்கில மாத இதழ் தொடங்கி நடத்தினார். தென் தமிழகத்துப் பெண் கல்வியின் வரலாற்றைத் தொகுப்பவர் எவரும் இந்த ஒரு குடும்பத்தை விட்டுவிட்டுப் போக முடியாது.

அக்காலத்துச் சேர்க்கை முறை இன்றைய விண்ணப்பம், தரவரிசை என்ற வழியில் நடக்கவில்லை. ஊர்ப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையை உபதேசியாரோ போதகரின் மனைவியோ தேர்ந்தெடுத்து உண்டுறைப் பள்ளிக்கு அனுப்புவார். மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் குடும்பம் நடத்திய எலியட் டக்ஸ்போர்டு பள்ளியும், இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா நடத்திய பள்ளியும் அத்தகையவை. அங்கிருந்து தேறியவர்களில் சிலர் பயிற்சிப் பள்ளிக்கு வந்தார்கள். பெரும்பாலோர் பனையேறும் குடும்பங்களிலிருந்தும் புதிதாகக் கிறித்தவத்துக்கு வந்த பிற குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள். பயிற்சி முடித்தவர் தன் ஊருக்கோ பக்கத்து ஊருக்கோ ஆசிரியையாகத் திரும்பினார். கணவன் உபதேசியாராகவும் மனைவி வாத்திச்சியாகவும் ஒரே ஊருக்குப் போவது வழக்கமாயிற்று. பெண்ணைப் படிக்க வைத்தால் என்ன பயன் என்ற ஊரின் கேள்விக்கு, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு அதே ஊரில் நடமாடிய அந்தப் பெண்தான் பதில்.

நிறுவனம் சில ஆண்டுகளில் பாளையங்கோட்டைக்கு இடம் மாறியது. கோட்டையும் அலுவலகங்களும் மிஷன் தலைமையும் இருந்த ஊர் அது. தாமிரபரணிக்கு அக்கரையிலுள்ள திருநெல்வேலி நகரத்தோடு அதை இணைக்க சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம் 1843இலேயே திறக்கப்பட்டுவிட்டது. அதற்குமுன் ஆற்றைக் கடக்கப் பரிசலையும் படகையும் நம்பவேண்டும். பாளையங்கோட்டையில் நிறுவனத்தை வளர்த்தவர்களில் ஏ.எச். லாஷ் முக்கியமானவர். தாய் நிறுவனத்தின் கிளைகளாகச் சுற்றுவட்டாரத்து ஊர்களில் பெண்கள் பள்ளிகளைத் திறந்தது அவருடைய திட்டம். கிளைப் பள்ளிகள் பயிற்சிப் பள்ளிக்கு மாணவியரை அனுப்பின, பயிற்சிப் பள்ளி கிளைகளுக்கு ஆசிரியைகளை அனுப்பியது. லாஷ் செய்த இந்த ஏற்பாட்டுக்கு ஈடாக எதையும் இக்கல்லூரி பின்னாளில் செய்துவிடவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

பாளையங்கோட்டையில் மிஷன் பணி செய்த பெண்களின் வட்டத்திலிருந்து வேறு இரண்டு பள்ளிகளும் பிறந்தன. ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பார்வையற்றோருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். பிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் காது கேளாதோருக்கான பள்ளியைத் தொடங்கினார். இரண்டும் பாளையங்கோட்டையில் இன்றும் நடக்கின்றன.

இரண்டாம் தரக் கல்லூரி

1895இல் கல்லூரி என்று பெயர் பெற்றபோது அதன் பொருள் இன்றைய பொருளன்று. சென்னைப் பல்கலைக்கழகம் கல்லூரிகளை இரண்டு தரமாகப் பிரித்திருந்தது. மெட்ரிகுலேஷன் தேறியவர்களுக்கு இரண்டாண்டு எஃப்.ஏ. வகுப்பு மட்டும் நடத்துவது இரண்டாம் தரம். அதற்கு மேலும் பி.ஏ. வரை நடத்துவது முதல் தரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தவை இரண்டாம் தரக் கல்லூரிகளே. திருநெல்வேலி இந்துக் கல்லூரியும், இன்று தூய யோவான் கல்லூரியாக உள்ள சி.எம்.எஸ். கல்லூரியும் ஆண்களுக்கு, சாராள் தக்கர் பெண்களுக்கு. எஃப்.ஏ.வில் ஆங்கிலம், தாய்மொழி அல்லது செம்மொழி ஒன்று, கணிதம், வரலாறு முதலியவற்றை எல்லாருமே படிக்கவேண்டும். தனித்துறைத் தேர்ச்சி பி.ஏ.வில்தான் தொடங்கியது.

இந்த வகைப்பாட்டை அறிந்தால்தான் மூத்த கல்லூரி என்ற பெருமையின் அளவு புரியும். கல்கத்தாவில் பெத்தூன் கல்லூரியில் படித்த காதம்பினி பாசுவும் சந்திரமுகி பாசுவும் 1883இலேயே பி.ஏ. பட்டம் வாங்கிவிட்டார்கள். பாளையங்கோட்டைப் பெண்ணுக்கு எஃப்.ஏ.வுக்கு மேல் வேண்டுமென்றால் சென்னைக்குப் போகவேண்டும். ஆனால் 1901 மக்கள்தொகைக் கணக்கில் சென்னை மாகாணப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள். அந்த நிலையில் மாகாணத்தின் தென்கோடியில், பெண்களுக்கென்று, எஃப்.ஏ. வகுப்பு ஒன்று இருந்தது பெரிய செய்தி. அது இல்லாத ஊரில் என்ன நடந்தது என்பதற்கு முத்துலட்சுமி ரெட்டியைச் சொல்லலாம். புதுக்கோட்டையில் மகளிர் கல்லூரி இல்லை. ஆண்களின் மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்பு எழுந்து, மன்னரின் தலையீட்டால்தான் அவருக்குக் கதவு திறந்தது. பாளையங்கோட்டையில் பெண்கள் அந்தச் சண்டையைப் போடவேண்டியிருக்கவில்லை.

1904ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பின் எஃப்.ஏ., இன்டர்மீடியட் ஆனது. 1911இல் பள்ளி இறுதித் தேர்வாக எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. 1956இல் இன்டர்மீடியட் போய், பி.யூ.சி. எனப்பட்ட ஓராண்டுப் புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டமும் வந்தன. 1978இல் பள்ளிகளில் பிளஸ் ஒன் தொடங்க, பி.யூ.சி.யும் மறைந்தது.

இந்த மாற்றங்களில் கிராமத்துப் பெண்களை அதிகம் பாதித்தது 1978. அதுவரை பதினோராம் வகுப்பு முடித்து நேரே பி.யூ.சி.க்கு வந்த பெண், அதன்பின் இன்னொரு வாசலைத் தாண்டவேண்டியிருந்தது. அவள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் மேல்நிலை வகுப்பு இல்லையென்றால் வேறு ஊருக்குப் போகவேண்டும். வயதுக்கு வந்த பெண்ணைப் பஸ்ஸில் அனுப்பத் தயங்கிய வீடுகளில் படிப்பு அங்கேயே நின்றது. மேல்நிலைப் பள்ளிகள் பெருகிய பிறகே அந்த இடைவெளி அடைபட்டது. கல்லூரியின் சேர்க்கைப் பதிவேட்டை வைத்து மட்டும் பெண் கல்வியை அளப்பவர்கள் இதைக் காணத் தவறுகிறார்கள்.

பல்கலைக்கழக இணைப்பும் மாறியது. நெல்லைக் கல்லூரிகள் 1966இல் சென்னையை விட்டு மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. 1990இல் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அமைந்ததும் அதன் கீழ் வந்தன.

இன்றைய படிப்புகள்

தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளியல், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வணிகவியல், கணினி அறிவியல் முதலிய துறைகளில் இளங்கலை வகுப்புகள் நடக்கின்றன, முதுகலையும் உண்டு. அரசு உதவி பெறும் வகுப்புகளும் சுயநிதி வகுப்புகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து வருவதால் முன்னதில் கட்டணம் குறைவு. பின்னதில் அந்தச் செலவு மாணவியின் வீட்டின் மேல் விழுகிறது. சேர்க்கை நாட்களில் தகப்பன்மார் முதலில் கேட்பது இந்த வேறுபாட்டைத்தான்.

தமிழ்நாட்டின் இளங்கலைப் படிப்புக்கு ஐந்து பகுதிகள். முதல் பகுதி தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டாவது ஆங்கிலம். மூன்றாவது பகுதியில் முதன்மைப் பாடமும் துணைப் பாடமும்; மாணவியர் பேச்சில் மேஜர், அலைடு. நான்காவதில் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, வேறு துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடம் ஆகியவை வரும். ஐந்தாவது நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை போன்ற விரிவாக்கப் பணி. மாநில மாதிரிப் பாடத்திட்டப்படி மூன்றாண்டில் ஈட்டவேண்டியவை 140 கிரெடிட். இயற்பியல் மாணவியும் தமிழிலோ தான் எடுத்த வேறு மொழியிலோ தேர்வு எழுதியே ஆகவேண்டும் என்ற இந்த ஏற்பாடு, எஃப்.ஏ. காலத்துப் பொதுக்கல்வியின் நேர் வாரிசு. தாராளக் கலைக்கல்வி என்று வெளிநாட்டில் பேர்பெற்றிருப்பதன் தமிழ்நாட்டு வடிவம் இதுவே. இப்போது மாநில அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தின் திறன் படிப்புகளும் அதோடு சேர்ந்துள்ளன. தன்னாட்சிக் கல்லூரி என்பதால் பாடத்திட்டம் வகுப்பதும் தேர்வு நடத்துவதும் கல்லூரியின் பொறுப்பு. பட்டம் தருவது பல்கலைக்கழகம்.

சேர்க்கை

பிளஸ் டூ முடிவு வெளிவரும் மே மாதத்தோடு சேர்க்கை சூடுபிடிக்கிறது. அரசுக் கல்லூரிகளுக்கு மாநிலம் முழுதும் ஒரே இணையவழி விண்ணப்பம். அவற்றில் தமிழ், ஆங்கில இலக்கிய வகுப்புகளுக்கு அந்தந்த மொழியின் மதிப்பெண்ணும், மற்ற வகுப்புகளுக்கு மொழிப்பாடம் நீங்கலான நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணும் தரவரிசைக்கு அடிப்படை. உதவி பெறும் கல்லூரிகள் தனியே விண்ணப்பம் வாங்குகின்றன. மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்றிதழ் ஆகியவை இல்லாமல் எந்தக் கல்லூரியிலும் காரியம் நடக்காது.

அரசுக் கல்லூரிகளில் இட ஒதுக்கீடு 69 விழுக்காடு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட இஸ்லாமியர் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. சிறுபான்மை நிறுவனங்களுக்கு அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு நிர்வாக உரிமை தருவதால், தம் சமூகத்துக்கு இடம் ஒதுக்கும் வாய்ப்பு அவற்றுக்கு உண்டு. பனங்காட்டுக் கிறித்தவக் குடும்பங்களின் பெண்களுக்காக எழுந்த நிறுவனத்துக்கு அந்த உரிமை பொருந்துவதே. எனினும் இன்றைய வகுப்பறையில் எல்லாச் சமயத்துப் பெண்களும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள்.

மாணவியர் வரும் திசையைப் பார்த்தால் ஆற்றுப் படுகையின் வரைபடமே கிடைக்கும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்துப் பெண்களுக்குச் செங்கோட்டை ரயில் இருக்கிறது. நாங்குநேரி, திருவைகுண்டம், ஆலங்குளம் பக்கத்தவர்களுக்குப் பேருந்து. ஆலங்குளம், முக்கூடல், மேலப்பாளையம் வட்டாரங்களில் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றி மகளைப் படிக்க வைக்கும் தாய்மார் ஏராளம். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. 2021இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீங்கியது. 2022 செப்டம்பரில் வந்த புதுமைப் பெண் திட்டம், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்வியில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2024 டிசம்பர் இறுதியில், தூத்துக்குடியில் நடந்த விழாவில், அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்கும் அது நீட்டிக்கப்பட்டது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் மிஷன் பள்ளிகள் பெரும்பாலும் உதவி பெறுபவை என்பதால், கடாட்சபுரம் போன்ற ஊர்ப் பெண்களுக்கு இந்த இரண்டாவது அறிவிப்பே மெய்யான பயன்.

இன்று பெண்களுக்கு வேறு கல்லூரிகளும் உண்டு. குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி கல்லூரி, திருநெல்வேலியில் இராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி, மேலப்பாளையத்தில் அன்னை ஹாஜிரா கல்லூரி, தூத்துக்குடியில் தூய மரியன்னை கல்லூரி ஆகியவை அவற்றுள் சில.