பேத்தை மீனுக்கு என்ன போடுவது? நத்தை, கொசுப்புழு, கோழி எரு... ஒரு பழைய கதை

குட்டிப் பேத்தை மீன் (கடையில் 'பஃபர்' என்பார்கள்) வாங்கியவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்றுதான். "இதுக்கு என்னங்க போடறது?" டப்பாவில் விற்கிற குருணைத் தீனியைப் போட்டால் அது பக்கத்தில் வந்து, கண்ணை உருட்டிப் பார்த்துவிட்டு, கண்டுகொள்ளாமல் போய்விடும். அதற்கு அசைகிற தீனிதான் வேண்டும். நத்தை, கொசுப்புழு, சாக்கடைப் புழு, நீர்த்தெள்ளு.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாதிக்கு மேல் நம் ஊரில் ஒழிக்க நினைத்த ஜீவன்கள்! அதனால்தான் எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்விக்கு மீன் வளர்ப்புப் புத்தகத்தைவிட மாட்டு வைத்தியத்தின் வரலாறும் மலேரியாவின் வரலாறும் நல்ல பதில் சொல்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் மீனைப் பற்றி இரண்டு வரி. இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர்தான். பம்பா ஆற்றில் கிடைத்த மீனை வைத்து 1941-ல் சுந்தர் லால் ஹோராவும் கிருஷ்ணன் நாயரும் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம் என்பதால் பெயரிலும் 'திராவன்கோரிகஸ்' ஒட்டிக்கொண்டது. மொத்த நீளமே சுமார் மூன்றரை சென்டிமீட்டர். ஆற்றில் பிடித்துப் பிடித்து ஏற்றுமதி செய்ததும் ஆறுகள் கெட்டதும் சேர்ந்து, இன்று இது சிவப்புப் பட்டியலில் ஆபத்துக்கு உள்ளான இனங்களில் ஒன்று. அப்படிப்பட்ட மீனை வாங்கி வந்து பட்டினி போட்டோ, நோய்த் தீனி போட்டோ கொல்வது என்ன நியாயம்?

சரி, நத்தைக்கு வருவோம். பேத்தைக் குடும்பத்தின் அறிவியல் பெயருக்கு 'நான்கு பல்' என்று பொருள். அந்தப் பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும், ஓட்டைக் கடித்துத் தேய்க்க வேண்டும். நம் குட்டிப் பேத்தைக்கு இந்தத் தொல்லை பெரிய இனங்களின் அளவுக்கு இல்லை. ஆனால் நத்தை என்றால் உயிர். நம் குளங்களில் தட்டையாகச் சுருண்ட பழுப்பு நத்தை ஒன்று இருக்கிறதே, அதன் குஞ்சுகள் இதன் வாய்க்குச் சரியான அளவு. ஓடும் மெல்லியது.

குளத்தில் இறங்கி ஒரு கைப்பிடி அள்ளி வந்தால் போதுமே என்று தோன்றும். இங்கேதான் நம் கதையின் முக்கியமான ஆள் வருகிறார். அந்தக் காலத்தில் தென்னிந்தியாவில் மாடுகளுக்கு ஒரு விநோதமான நோய் இருந்தது. மூக்கினுள் பூக்கோசு மாதிரி சதை வளர்ந்து, மாடு மூச்சுவிடும்போதெல்லாம் குறட்டைச் சத்தம் கேட்கும். எம். ஏ. என். ராவ் என்ற மெட்ராஸ் கால்நடை ஆராய்ச்சியாளர் 1933-ல் இதற்குக் காரணமான ரத்தத் தட்டைப்புழுவை விவரித்தார். கன்றுகளுக்கு அந்த நோயைச் சோதனை முறையில் வரவழைத்தும் காட்டினார். அந்தப் புழு மாட்டிலிருந்து நேரடியாக இன்னொரு மாட்டுக்குப் போவதில்லை. நடுவில் ஒரு வீடு வேண்டும். அந்த வீடு எது தெரியுமா? நாம் மீனுக்கு அள்ளப் போன அதே தட்டைச் சுருள் நத்தை!

மாட்டின் மூக்குச்சளியோடு முட்டை தண்ணீரில் விழுகிறது. பொரிந்த குஞ்சுப் புழு நத்தைக்குள் புகுந்து பெருகி, பிறகு வால் முளைத்துத் தண்ணீருக்குள் வந்து மாட்டின் தோலைத் துளைக்கிறது. மனிதன் காலை விட்டாலும் துளைக்கப் பார்க்கும். உள்ளே போய் வாழ முடியாமல் தோலிலேயே செத்துப்போகும், நமக்கு அரிப்பும் கொப்புளமும்தான் மிச்சம். வயலில் இறங்குகிறவர்களுக்கு இந்த அரிப்பு புதிதல்ல. இதே கூட்டத்தைச் சேர்ந்த இன்னொரு புழு மனிதனுக்குள்ளேயே குடியிருந்ததை மகாராஷ்டிராவில் ரத்தினகிரி மாவட்டத்து கிம்வி கிராமத்தில் 1952-ல் கண்டுபிடித்தார்கள். அங்கேயும் நடுவில் ஒரு நத்தைதான்.

நமக்கு இதில் பயன் என்ன? புழு நத்தைக்கு வெளியிலிருந்துதான் வருகிறது, நத்தையின் முட்டை வழியாகக் குட்டிகளுக்குப் போவதில்லை. ஆகவே குளத்து நத்தையை அப்படியே தொட்டியில் போடக் கூடாது. இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் வழவழப்பான முட்டைக் கட்டியை மட்டும் எடுத்து (கையுறை போட்டுக்கொண்டு), நல்ல தண்ணீரில் அலசி, தனி வாளியில் பொரிக்க வையுங்கள். மாடு எட்டாத அந்த வாளியில் பிறந்த நத்தைக்கு அந்தப் புழு வர வழியே இல்லை. அதற்குப் பிறகு எல்லாத் தலைமுறையும் வாளியிலேயே.

காமர்ஸ் மாணவன் என்பதால் முதலீட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன் :) இந்த நத்தை இருபால் உயிரி, துணை இல்லாமலே முட்டையிடும். ஒன்றே ஒன்று பிழைத்தாலும் வியாபாரம் ஓடும். தீனிக்கு வேகவைத்த கீரைத்தண்டு. ஓடு கெட்டிப்பட சுண்ணாம்புச் சத்து வேண்டும், அதற்கு முட்டை ஓட்டைக் கழுவி நொறுக்கிப் போடலாம். நாமக்கல்லில் முட்டை ஓட்டுக்கா பஞ்சம்? தவிர நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிற கடினத் தண்ணீர். நமக்குச் சாபம், நத்தைக்கு வரம்.

அடுத்து கொசுப்புழு. மீனுக்கு இதைவிட ருசியானது இல்லை என்பார்கள். ஆனால் இதன் வரலாறு நம் மேட்டூரிலிருந்தே ஆரம்பிக்கிறது. 1934-ல் அணை முடிந்து, தண்ணீர் புதிய கால்வாய்கள் வழியாகத் தஞ்சைப் பக்கம் பாய்ந்தது. நெல் வந்தது, கூடவே பட்டுக்கோட்டைப் பகுதியில் மலேரியாவும் வந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் 1930-களின் பிற்பகுதியில் அங்கே ஆராய்ச்சி நடத்தினார். அவரும் ராமச்சந்திர ராவும் கொசுப்புழுவைத் தேடிப் போன இடங்களில் முக்கியமானவை நெல் வயல்களும், கரைக்கு மண் தோண்டிய குழிகளில் தேங்கிய தண்ணீரும். இவ்வளவு பெரிய அணையின் கதை ஒரு சாதாரணக் குழியில் வந்து நிற்கிறது பாருங்கள்!

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1928-ல், கொசுப்புழுவைத் தின்பதற்கென்றே இத்தாலியிலிருந்து கம்பூசியா மீனைக் கொண்டுவந்திருந்தார்கள். அன்று புழுவை ஒழிக்க மீன் தேடினார்கள், இன்று நாம் மீனுக்காகப் புழு தேடுகிறோம். 1939-ம் ஆண்டு மெட்ராஸ் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கென்றே பிரிவுகள் உண்டு. 2017-ல் டெங்கு பரவியபோது சேலம் உட்படப் பல ஊர்களில் கொசுப்புழு இருந்த இடங்களுக்கு அபராதம் போட்டார்கள். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள் போதும், ஒரு நாள் மறந்தாலும் தெருவுக்கே காய்ச்சல். எனவே என் கட்சி இதுதான்: வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் தற்செயலாகப் புழு தெரிந்தால் டீ வடிகட்டியால் அள்ளி மீனுக்குப் போடுங்கள். வாளி வைத்து வளர்க்காதீர்கள்.

சாக்கடைச் சேற்றில் கிடைக்கும் சிவப்பு 'டியூபிஃபெக்ஸ்' புழு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிரவுட் மீன்களைச் சுழல வைத்துக் கொல்லும் நோய்க்கிருமி இந்தப் புழுவுக்குள் ஒரு பருவம் வாழ்கிறது என்று அமெரிக்காவில் 1980-களில் கண்டுபிடித்தார்கள். அந்த நோய் நம் பேத்தைக்கு வராது. ஆனால் சாக்கடையில் வளர்ந்தது எதை எதைச் சுமந்து வரும் என்று யாருக்குத் தெரியும்?

மிச்சம் இருப்பது நீர்த்தெள்ளு. பண்ணைக்காரர்கள் 'மொய்னா' என்பார்கள். 1957-ல் ஒரிசாவில் ஹீராலால் சௌத்ரி ஊசி போட்டுக் கெண்டை இன மீன்களை முட்டையிட வைத்த பிறகு மீன் குஞ்சு கோடிக்கணக்கில் தேவைப்பட்டது. குஞ்சுக்கு முதல் தீனி? குளத்தில் எருவைப் போட்டு, தண்ணீரைப் பச்சையாக்கி, இந்த மாதிரி நுண்ணுயிர்களைப் பெருக்குவதுதான் வழி. கோழி எருவும் அதற்கு நன்றாகவே உதவும். இந்தியாவின் முட்டைக் கூடையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இதைவிட என்ன வேண்டும்?

பச்சை எரு வேண்டாம், அமோனியா கிளம்பி எல்லாம் செத்துவிடும். நன்றாகக் காய்ந்த பழைய எருவைத் துணியில் முடிந்து வெயிலில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் தொங்கவிடுங்கள். மேலே கொசுவலை கட்டாயம். தண்ணீர் பச்சையானதும் பண்ணையிலிருந்து ஒரு டம்ளர் மொய்னா வாங்கி விட்டால் ஒரு வாரத்தில் புகை மாதிரி கூட்டம் கூட்டமாக மிதக்கும். தினமும் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், முதல் கரைந்துவிடும்! எடுத்ததைச் சன்னத் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மீனுக்குப் போட வேண்டும்.

சித்திரை வெயிலில் தொட்டி வற்றினால் அடியில் இருக்கும் சேற்றைக் கொட்டிவிடாதீர்கள். நிலைமை மோசமாகும்போது மொய்னா கெட்டியான உறையோடு உறக்க முட்டைகளை இட்டு வைக்கும், அவை காய்ந்தாலும் சாவதில்லை. அந்த மண்ணை நிழலில் உலர்த்தி ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்து வையுங்கள். மழை வந்ததும் தண்ணீரில் கரைத்துவிட்டால் போதும்.