டொரண்ட் பதிவிறக்க வேகக் குறைவு

டொரண்ட் பதிவிறக்க வேகக் குறைவு என்பது, பிட்டொரண்ட் முறையில் ஒரு கோப்பை இறக்கும்போது இணைய இணைப்பின் முழு வேகம் கிடைக்காமல் போவதைக் குறிக்கும். வேகச் சோதனைத் தளம் நொடிக்கு 100 மெகாபிட் என்று காட்டும். அதே கணினியில் டொரண்ட் செயலி நொடிக்கு 200 கிலோபைட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். வேகச் சோதனை அளப்பது வீட்டுக்கும் அருகிலுள்ள ஒரு சர்வருக்கும் இடையிலான பாதையை. டொரண்டில் கோப்பு வருவதோ முன்பின் அறியாத பல வீடுகளிலிருந்து. அந்த வீடுகளால் நம் கணினியை எட்ட முடிகிறதா, நாம் அவற்றுக்கு என்ன திருப்பிக் கொடுக்கிறோம் என்ற இரண்டும்தான் வேகத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

மவுண்ட்–பூந்தமல்லி சாலையை ஒட்டிய காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், குமணன்சாவடி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் இப்போது பெரும்பாலும் ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. ஆனால் திட்டத்தின் வேகம் கூடியபின்னும் டொரண்டின் வேகம் கூடவில்லை என்ற குறை மறையவில்லை. அதற்கான காரணங்களையும், அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டறியும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

செயல்படும் விதம்

பிட்டொரண்ட் முறையை அமெரிக்க நிரலாளர் பிராம் கோஹன் 2001-இல் உருவாக்கி வெளியிட்டார். இதில் ஒரு கோப்பு பல துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. கோப்பை இறக்குபவர்கள், தங்களிடம் வந்து சேர்ந்த துண்டுகளை இறக்கி முடிப்பதற்கு முன்பே மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்குகிறார்கள். முழுக் கோப்பையும் வைத்திருந்து கொடுப்பவர் சீடர், அதாவது விதைப்பவர். இன்னும் இறக்கிக்கொண்டிருப்பவர் லீச்சர். இருவருக்கும் பொதுப்பெயர் பியர். யார் யாரிடம் கோப்பு இருக்கிறது என்ற பட்டியலைத் தருவது டிராக்கர் எனப்படும் சர்வர். டிராக்கர் இல்லாமலும் பியர்களைக் கண்டுபிடிக்க உதவுவது டிஎச்டி. இதில் பங்குபெறும் ஒவ்வொரு கணினியும் ஒரு பெரிய முகவரிப் புத்தகத்தின் சில பக்கங்களைத் தன்னிடம் வைத்திருக்கிறது. இதற்கு அடிப்படையான கடெம்லியா என்ற முறையை பீட்டர் மேமுன்கோவ், டேவிட் மாசியேர் ஆகிய இருவரும் 2002-இல் முன்வைத்தனர். டொரண்ட் செயலிகளில் அது 2005-இல் இடம்பெற்றது.

வேகத்தைப் புரிந்துகொள்ள இரண்டு விதிகள் போதும். முதலாவது, கொடுப்பவருக்கே கொடுப்பது. செயலி ஏறத்தாழ 10 நொடிக்கு ஒருமுறை, தனக்கு அதிகமாகக் கொடுத்த சில பியர்களைத் தேர்ந்து அவர்களுக்குத் துண்டுகளை அனுப்புகிறது. மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். புதிதாக வந்தவருக்கும் வாய்ப்புக் கிடைக்க, 30 நொடிக்கு ஒருமுறை காத்திருப்போரில் ஒருவரைக் கைபோன போக்கில் தேர்ந்து அவருக்கும் திறந்துவிடுகிறது. இரண்டாவது, அரிதானதை முதலில் எடுப்பது. கூட்டத்தில் மிகக் குறைவானவர்களிடம் உள்ள துண்டையே முதலில் கேட்பதால், ஒருவர் திடீரென வெளியேறினாலும் கோப்பு அழியாமல் இருக்கிறது.

சென்னையில் பின்னணி

பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2005 தொடக்கத்தில் தொலைபேசிக் கம்பி வழியாக ஏடிஎஸ்எல் அகன்ற அலைவரிசைச் சேவையைத் தொடங்கியது. 2004-ஆம் ஆண்டின் அரசுக் கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது அகன்ற அலைவரிசை. இந்த அளவு 2013-இல் 512 கிலோபிட்டாகவும், 2023-இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. அன்றைய திட்டங்களில் மாத அளவு தாண்டினால் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் காசு. சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை அளவில்லை. எனவே டொரண்டை அந்த நேரத்துக்கு ஓடவிட்டுத் தூங்கப்போவது ஒரு தலைமுறையின் வழக்கமாகவே இருந்தது. செயலிகளில் இன்றும் இருக்கும் நேர அட்டவணை வசதியின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

ஏடிஎஸ்எல் இணைப்பில் இறக்கும் பாதை அகலம், ஏற்றும் பாதை குறுகல். ஃபைபர் வந்தபின் பல திட்டங்களில் இரண்டும் சமமாயின. ஆனால் அதே காலத்தில் வேறொரு சுவர் எழுந்தது. ஐபிவி4 முகவரிகளின் உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. ஆசிய–பசிபிக் பகுதிக்கான வழக்கமான கையிருப்பு அதே ஆண்டு ஏப்ரலில் தீர்ந்தது. அதன்பின் வந்த வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் தனி முகவரி கொடுக்க முடியாமல், பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் சிஜிநாட் முறைக்கு நிறுவனங்கள் மாறின. புறநகர் வீடுகளில் இன்று டொரண்ட் மந்தமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கண்டறியும் வரிசை

எளிதான காரணத்தை முதலில் பார்த்து விலக்கிவிட்டு அடுத்ததற்குப் போவதே நல்ல வழி. ஒரே நேரத்தில் பத்து அமைப்புகளை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமலே போகும்.

அலகு: நிறுவனம் சொல்வது மெகாபிட்; செயலி காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 மெகாபிட் இணைப்பில் கிடைக்கக்கூடிய உச்சம் நொடிக்கு 12.5 மெகாபைட். 6 ஜிபி அளவுள்ள ஒரு லினக்ஸ் கோப்பு அந்த வேகத்தில் 8 நிமிடத்தில் இறங்கிவிடும். செயலி நொடிக்கு 11 மெகாபைட் காட்டினால் குறையே இல்லை.

கோப்பின் உயிர்: விதைப்பவர் யாருமில்லாத கோப்பை எந்த அமைப்பும் வேகப்படுத்தாது. செயலியில் விதைப்பவர் எண்ணிக்கை இரண்டாகக் காட்டப்படும்: இப்போது இணைந்திருப்போர், அடைப்புக்குறிக்குள் மொத்தமாக இருப்பதாகச் சொல்லப்படுவோர். 0 (0) என்றால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. 0 (40) என்றால் ஆட்கள் இருக்கிறார்கள், நம்மால் சேர முடியவில்லை. சிக்கல் நம் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். ஒப்பிட்டுப் பார்க்க, உபுண்டு அல்லது டெபியன் நிறுவல் கோப்புகளின் அதிகாரப்பூர்வ டொரண்ட் ஒன்றை இறக்கிப் பார்ப்பது சிறந்தது. அவற்றுக்கு எப்போதும் விதைப்பவர்கள் ஏராளம். அது பறந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது, பழைய கோப்புதான் நலிந்தது என்று முடிவு செய்யலாம்.

பியர் பட்டியல்: கியூபிட்டொரண்ட் செயலியில் ஒரு கோப்பைத் தேர்ந்து பியர் பட்டியலைத் திறந்தால், ஒவ்வொருவர் எதிரிலும் சில ஆங்கில எழுத்துகள் நிற்கும். பெரிய ‘டி’ இருந்தால் அவரிடமிருந்து துண்டு வந்துகொண்டிருக்கிறது. சிறிய ‘டி’ இருந்தால் நாம் கேட்கிறோம், அவர் இன்னும் திறந்துவிடவில்லை. ‘ஐ’ இருந்தால் அவர் வெளியிலிருந்து நம்மைத் தேடி வந்தவர். பட்டியல் நெடுகச் சிறிய ‘டி’ மட்டுமே தெரிந்தால் நாம் போதுமான அளவு கொடுக்கவில்லை என்று பொருள் கொள்ளலாம். ஒரு மணி நேரம் கழித்தும் ஒரு ‘ஐ’ கூடக் கண்ணில் படவில்லை என்றால் நம் வாசல் வெளியிலிருந்து அடைபட்டிருக்கலாம்.

பதிவேற்ற வரம்பு: டேட்டா மிச்சமாகும் என்று ஏற்றும் வேகத்தை நொடிக்கு 1 கிலோபைட்டாகச் சுருக்குவது பலர் செய்யும் தவறு. கொடுக்காதவருக்கு மற்றவர்களும் கொடுப்பதில்லை. எதிர்த் தவறும் உண்டு. ஏற்றும் பாதை முழுவதும் நிரம்பிவிட்டால், வந்த துண்டுகளுக்கு அனுப்ப வேண்டிய ஒப்புதல் செய்திகள் வரிசையில் சிக்கி இறக்கமும் தடுமாறும். வீட்டில் வீடியோ அழைப்பில் இருப்பவரின் குரலும் உடையும். அளந்தறிந்த ஏற்ற வேகத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தை வரம்பாக வைப்பது நடைமுறையில் நல்ல அளவு. பல செயலிகளில் 0 என்று கொடுத்தால் ‘ஏற்றாதே’ என்று பொருளில்லை, ‘வரம்பில்லை’ என்று பொருள். இந்த நெரிசலைத் தணிக்க உருவான முறை யூடிபி. வழியில் தாமதம் கூடுவதை உணர்ந்து தானே விட்டுக்கொடுக்கும் இதன் அடிப்படை, 2012 டிசம்பரில் ஆர்எஃப்சி 6817 ஆக வெளியிடப்பட்டது.

அடைபட்ட வாசல்: வெளியிலிருந்து வரும் இணைப்பை எந்தக் கணினிக்கு அனுப்புவது என்று ரௌட்டருக்குத் தெரிய வேண்டும். யூபிஎன்பி இயக்கப்பட்டிருந்தால் செயலியே ரௌட்டரிடம் பேசித் தன் போர்ட்டைத் திறந்துகொள்ளும். இல்லையென்றால் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் நாமே பதிய வேண்டும். கணினியின் ஃபயர்வாலும் செயலிக்கு அனுமதி தந்திருக்க வேண்டும். பழைய வழக்கமான 6881 முதல் 6889 வரையான போர்ட்டுகளை விட்டு வேறொன்றைத் தேர்வது நல்லது.

இவ்வளவு செய்தும் திறக்கவில்லை என்றால் சிஜிநாட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் ஐபி என்ற இடத்தில் இருக்கும் எண்ணையும், இணையத்தில் ‘என் ஐபி என்ன’ என்று தேடினால் கிடைக்கும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரௌட்டரில் உள்ள எண் 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் தொடங்கினால், அது 2012 ஏப்ரலில் சிஜிநாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரி. நிறுவனங்கள் சில சமயம் 10 என்று தொடங்கும் எண்களையும் இதற்குப் பயன்படுத்துகின்றன. இந்த நிலையில் வீட்டு ரௌட்டரில் எதைத் திறந்தாலும் பயனில்லை. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் தெரு முகவரியை மட்டும் எழுதி வீட்டு எண்ணை எழுதாத தபால் வாசலோடு நின்றுவிடுவது போன்றது இது. நாம் வெளியே போய் மற்றவர் கதவைத் தட்டலாம். நம்மைத் தேடி யாரும் வர முடியாது. எதிரில் இருப்பவரும் சிஜிநாட்டுக்குள் இருந்தால் இருவரும் நேரடியாகச் சேர்வது அரிது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, நிறுவனத்திடம் நிலையான பொது ஐபி கேட்டு வாங்குவது. பெரும்பாலும் இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. மற்றொன்று ஐபிவி6. அதில் வீட்டின் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கும். 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கியதன் பின் இந்தியா ஐபிவி6 மிகுதியாகப் புழங்கும் நாடுகளில் ஒன்றாகிவிட்டது. ஆனால் பல வீட்டு ரௌட்டர்களில் அது அணைக்கப்பட்டோ, ஃபயர்வாலால் மூடப்பட்டோ கிடக்கிறது. அதை இயக்கி, செயலியின் போர்ட்டுக்கு வழிவிட்டால், செலவில்லாமல் வாசல் திறந்துவிடும்.

வீட்டுக்குள் இருக்கும் தடைகள்: காட்டுப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நின்று வைஃபை பட்டியலைத் திறந்தால் பத்துப் பதினைந்து பெயர்கள் வரிசையாக வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அத்தனை வீடுகளும் அந்த மூன்றைத்தான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது, அதைவிட ரௌட்டரிலிருந்து நேராக ஒயர் இழுப்பது நல்லது. அந்த ஒயரின் முனையையும் பார்க்க வேண்டும்: எட்டுக் கம்பியில் நான்கு மட்டும் பொருத்தப்பட்டிருந்தால் வேகம் 100 மெகாபிட்டைத் தாண்டாது. பழைய ஹார்ட் டிஸ்க் அல்லது பென் டிரைவில் நேரடியாக இறக்கினால், எழுதும் வேகமே தடையாகி, இணையம் தயாராக இருந்தும் செயலி காத்து நிற்கும். மலிவான ரௌட்டர்கள் நூற்றுக்கணக்கான இணைப்புகளை ஒரே நேரத்தில் தாங்காமல் திணறும்போது, ஒரு டொரண்டுக்கான இணைப்பு வரம்பைக் குறைப்பது உதவும்.

மாலை நெரிசல்: ஜிபான் வகை ஃபைபரில் ஒரே இழை ஸ்பிளிட்டர் வழியாகப் பல வீடுகளுக்குப் பிரிகிறது. இழையின் மொத்தத் திறன் இறக்கத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட், ஏற்றத்துக்கு அதில் பாதி. போரூர், இராமாபுரம் பக்கத்து ஐ.டி. வளாகங்களில் வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் இரவு நேரத்தில், அந்த இழையும் அதற்கு அப்பால் உள்ளூர் ஆபரேட்டர் வாங்கியிருக்கும் அலைவரிசையும் பங்குபோடப்படுகின்றன. காலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் ஒரே கோப்பை வைத்துச் சோதித்தால் இது தெளிவாகும். மாத டேட்டா எல்லை தாண்டியபின் வேகம் குறைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கணக்குப் பக்கத்தில் பார்த்துவிட வேண்டும்.

வேண்டுமென்றே மட்டுப்படுத்தல்

சேவை நிறுவனமே டொரண்டை அடையாளம் கண்டு தடுத்ததும் உண்டு. அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் பிட்டொரண்ட் இணைப்புகளைக் குறுக்கிட்டு முறிப்பதை 2007 அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் சோதித்து வெளிப்படுத்தியது. சோதனைக்கு அது பகிர்ந்தது விவிலியத்தின் ஒரு பழைய ஆங்கில மொழிபெயர்ப்பை. காப்புரிமை மீறலுக்கு இடமே இல்லாத கோப்பு என்பதால் தடையின் இயல்பு வெட்டவெளிச்சமானது. இந்தியாவில் இணையச் சமவாய்ப்புக்கான விதிகளைத் தொலைத்தொடர்புத் துறை 2018 ஜூலையில் ஏற்றது. உள்ளடக்கத்தைப் பொறுத்து வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கூடாது என்பது அதன் சாரம். செயலியில் குறியாக்கத்தை இயக்கி முன்னும் பின்னும் வேகத்தை ஒப்பிட்டால், இப்படி ஏதும் நடக்கிறதா என்பதற்கு ஒரு தடயம் கிடைக்கும்.

தளத் தடையும் சட்டமும்

2012-இல் ‘3’ என்ற தமிழ்ப் படத்துக்கும் ‘தம்மு’ என்ற தெலுங்குப் படத்துக்கும் திருட்டுப் பிரதி பரவாமலிருக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை ஆணை பெறப்பட்டது. அதைக் காட்டி இணையச் சேவை நிறுவனங்கள் மே மாதத்தில் டொரண்ட் தளங்களோடு விமியோ போன்ற பொதுத் தளங்களையும் சேர்த்து முடக்கின. முழுத் தளத்தை அல்ல, குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தடுக்கப்படுவது தளமும் டிராக்கரும்தான், பிட்டொரண்ட் முறை அல்ல. டிராக்கர் பதில் தராதபோதும் டிஎச்டி இயங்கினால் பியர்கள் கிடைப்பார்கள்.

பிட்டொரண்டைப் பயன்படுத்துவது குற்றமன்று; உரிமை இல்லாத படைப்பைப் பகிர்வதே குற்றம். 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. டொரண்டில் இறக்குபவர் அதே நேரத்தில் பரப்புபவராகவும் ஆகிவிடுகிறார் என்பதை மறக்கக் கூடாது.

விதைத்தலின் தேவை

99 சதவீதத்தில் நின்றுபோன கோப்பு பலருக்கும் பழக்கமான காட்சி. கடைசித் துண்டை வைத்திருந்த கடைசி ஆள், இறக்கி முடித்ததும் செயலியை மூடிவிட்டுப் போயிருப்பார். எந்த அமைப்பும் சரிசெய்ய முடியாத வேகக் குறைவு இதுவே.

தமிழ் வாசகர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். இன்டர்நெட் ஆர்கைவ் 2012 ஆகஸ்ட் முதல் தன் சேகரிப்புகளை டொரண்டாகவும் தருகிறது. அங்கே காப்புரிமைக் காலம் முடிந்த தமிழ் நூல்கள் பல கிடைக்கின்றன. வேறு யாரும் விதைக்காதபோது துண்டுகள் கலிஃபோர்னியாவில் உள்ள அதன் சர்வரிலிருந்தே கடல் கடந்து வர வேண்டியிருக்கிறது. அப்படியொரு நூலை இறக்கிய ஒருவர், வாசலைத் திறந்து, ஏற்ற வரம்பைச் சரியாக வைத்து, இரவில் கணினியை ஓடவிட்டால், ஆவடியிலோ அம்பத்தூரிலோ அடுத்துத் தேடுபவருக்கு அந்த நூல் பூந்தமல்லிச் சாலையிலிருந்தே போய்ச் சேரும்.