களைக்கொத்துக்குக் கிடைத்த கீரை: உடுமலை மானாவாரிக் காட்டில் உணவும் உழைப்பும்

புறநானூற்றின் 159ஆம் பாட்டில் புலவர் பெருஞ்சித்திரனார் தம் வீட்டு வறுமையை வள்ளல் குமணனிடம் முறையிடுகிறார். அவர் மனைவி குப்பையில் தானே முளைத்த கீரையைப் பறித்து, உப்பின்றி வேகவைத்து, மோரும் சோறும் இல்லாமல் உண்கிறாள். குமணனின் முதிர மலையை உடுமலைப்பேட்டையை ஒட்டிய மலைத்தொடரில் வைத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. இப்பாட்டைக் காட்டிக் காட்டுக்கீரையைப் பஞ்சகால உணவென்று முடித்துவிடுகிறோம். அவள் பறித்ததோ, முன்பு கொய்த இடத்தில் மறுபடி துளிர்த்த இளந்தளிர். வேரோடு பிடுங்காமல், அடுத்த துளிருக்கு விட்டுக் கிள்ளியிருக்கிறாள். உப்பும் மோரும் சோறும் இல்லாததுதான் அங்கே வறுமை.

தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமிட்டிக்கீரை, சாரணை எல்லாம் அடர்ந்த வனத்துச் செடிகளல்ல. உழுது கிளறிய, வெயில் விழும் மண்ணில் மழை பெய்தால் முளைப்பவை. உழவின் துணை விளைச்சல் என்றே இவற்றைக் கொள்ள வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு களையெடுக்க வந்த கூலிப்பெண்கள், களைக்கொத்து போடும்போதே இளசைக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டார்கள். காட்டுக்காரருக்கு, அதாவது நிலத்துச் சொந்தக்காரருக்கு, களை தீர்ந்தது. அப்பெண்களுக்குக் கூலிக்கு மேல் ஒரு வேளைக் குழம்பு.

சமையலும் இந்த வேலையிலிருந்தே பிறந்தது. ஒரே கீரை சட்டி நிறையத் தேறாது, ஆகவே கலவை. பண்ணைக்கீரை பூத்துவிட்டால் நாராகும். சாரணை குருத்தில்தான் ஆகும். பிரண்டைத் துளிருக்குப் புளி சேர்க்காவிட்டால் நாக்கு அரிக்கும். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய் போட்டு வேகவைத்து மத்தால் கடைந்தால் கம்மஞ்சோற்றுக்கும் ராகிக் களிக்கும் ஆயிற்று. அன்றைக்கு மடியில் இருந்ததே அளவு என்பதால் சமையற் புத்தகங்களில் இந்தக் கடைசல் சரியாக உட்காருவதில்லை.

இக்கீரைகள் குறைந்ததற்கு இளையவர்களின் நாக்கு மாறியதைக் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனம் திருமூர்த்தி அணை வழியே வந்தபின் மானாவாரிக் காடுகள் பலவும் தென்னந்தோப்பாயின, மக்காச்சோளக் காடாயின. தோப்பில் நிழல். மக்காச்சோளத்திலோ விதைத்த சில நாளில் அட்ரசின் தெளிக்கிறார்கள். அகன்ற இலைக் களைகளை முளையிலேயே கருக்கும் மருந்து அது. கீரையாகிறவை பெரும்பாலும் அந்த வகைதான். களையெடுக்கும் கூலி போனபோதே கீரையும் போயிற்று.

உடுமலையை ஒட்டிய மலைமேல் தளிஞ்சி, குழிப்பட்டி போன்ற குடியிருப்புகளில் சிறு வன மகசூலைச் சேகரிக்க 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் உரிமை தருகிறது. நடைமுறை எப்படி என்பது தனி ஆய்வுக்குரியது. சமவெளியில் களையெடுப்பவளுக்கு அந்த அளவு உரிமைகூட இல்லை. அவள் கீரை காட்டுக்காரரின் சம்மதத்தில் கிடைத்தது. அவர் மருந்துக்கு மாறும்போது அவளைக் கேட்க வேண்டியதில்லை. வரப்போரம் மிஞ்சியதைக் கிள்ளுமுன், மருந்து அடித்தீர்களா என்று அவள்தான் அவரைக் கேட்டாக வேண்டும்.