இறந்த நட்சத்திரத்தின் பாஸ்புக்

மைசூருக்கு மாற்றலாகி வந்த புதிதில் கன்னட நண்பர் ஒருவர் பெருமையாகச் சொன்னார்: "ஆகாசவாணின்னு ரேடியோவுக்குப் பேர் வச்சதே எங்க ஊர்தான் சார்!" உண்மைதான். 1935-ல் மகாராஜா கல்லூரிப் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி தன் வீட்டிலேயே தொடங்கிய நிலையம் அது.

நிஜமாகவே ஆகாயத்திலிருந்து வரும் குரலைக் கேட்டவர்களும் உண்டு. நான் படித்தது பி.காம்., எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

கோவைக்குப் போகும்போதெல்லாம் ஊட்டி வழியாகத்தான் போவேன். ஊட்டி பக்கத்தில் முத்தொரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 1970-ல் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டியது. ஊட்டியின் அட்சரேகை 11 டிகிரி. அதே 11 டிகிரி சாய்வுள்ள மலையாகத் தேடிப் பிடித்தார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. வானத்துப் பொருளைப் பின்தொடர ஒரே அச்சில் திருப்பினால் போதும். செலவு மிச்சம்!

அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் புனே அருகே கோடத் கிராமத்தில் உள்ள ஜி.எம்.ஆர்.டி. ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள 30 டிஷ்கள். தகடு போடாமல் மெல்லிய எஃகுக் கம்பி வலை. எடை குறைவு, காற்றும் ஊடுருவிப் போய்விடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1993 மார்ச் 28 அன்று, சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தூரத்து எம்81 மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்ததை ஸ்பெயின் நாட்டு அமெச்சூர் ஒருவர் பார்த்தார். எஸ்.என். 1993ஜே என்று பெயர் வைத்தார்கள்.

இப்படிப்பட்ட நட்சத்திரங்கள் வெடிப்பதற்கு முன் பல்லாயிரம் வருடம் வாயுவை ஊதித் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று விநாடிக்குப் பத்து கிலோமீட்டர்தான் நகரும். வெடிப்பின் அதிர்வலையோ பத்தாயிரத்துக்கும் மேல். ஆக, அலை ஒரு வருடம் ஓடினால் ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட பழைய கதையைத் தொட்டுவிடுகிறது. மோதும் இடத்தில் எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலைகளை வெளிவிடுகின்றன.

2001 கடைசியில், வெடித்து ஏறக்குறைய 3200 நாள் கழித்து, பூனம் சந்திரா, அலக் ரே, சஞ்சய் பட்நாகர் மூவரும் ஜி.எம்.ஆர்.டி.யின் தாழ்ந்த அலைவரிசைகளையும் அமெரிக்காவின் வி.எல்.ஏ.யின் உயர்ந்த அலைவரிசைகளையும் ஒரே வரைபடத்தில் சேர்த்தார்கள். கோடு ஓரிடத்தில் வளைந்தது. எலெக்ட்ரான்கள் சக்தியை இழந்து களைத்த அடையாளம் அது. வயது தெரிந்ததால், அங்கே காந்தப்புலம் சுமார் 0.33 காஸ் என்று 2004-ல் கணக்கிட்டார்கள். பூமியின் காந்தப்புலமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். பாதிக் கோடு நம் கம்பி வலை தந்தது.

பிறகு ரேடியோ ஒளி வேகமாகக் குறைந்தது. அதிர்வலை, காற்று மெலிந்த இடத்துக்கு வந்துவிட்டது. வெடிப்பதற்குச் சுமார் 8000 வருடம் முன்புதான் அந்த நட்சத்திரம் அதிகமாக இழக்கத் தொடங்கியது என்று 2007-ல் அமெரிக்கக் குழு ஒன்று எழுதியது.

இதைப் படித்தபோது அப்பாவின் பாஸ்புக் நினைவுக்கு வந்தது. அவர் காலமான பின் கணக்கை முடிக்க, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினேன். என் கல்லூரி வருடங்களில் ஜூன் தோறும் ஒரு பெரிய பற்று. ஒரு வருடம் மீதி பதினான்கு ரூபாய். உயிரோடு இருந்தவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கணக்கு முடிந்த பிறகுதான் சிலரைப் படிக்க முடிகிறது.