பந்தியில் சோதிக்கப்பட்ட ஊழியம்



மிஷனெரிப் பயணம் என்றவுடன் நம் மனக்கண்ணில் எழுவது பிரசங்கமும், கூடிவந்த ஜனங்களும், கையில் ஏந்திய வேதாகமமுமே. அந்நிய தேசத்திற்குச் சென்ற ஒரு குழு காலையில் எப்போது எழுந்தது, எங்கே தங்கியது, யாரோடு அமர்ந்து உண்டது என்பவற்றை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் திருமறை அவற்றையும் கவனிக்கிறது. ஆண்டவர் எழுபது பேரை அனுப்பியபோது, தங்கள் முன் வைக்கப்படுவதை உண்ணும்படி சொல்லி அனுப்பினார் என்று லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உண்பதை விட்டு விலகியபோது, பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொண்டதைக் கலாத்தியர் 2-ஆம் அதிகாரம் மறைக்காமல் கூறுகிறது. பேதுருவின் பிரசங்கத்தில் அன்று பிழை ஏதும் காணப்படவில்லை. பிழை அவர் அமர்ந்த பந்தியில் இருந்தது.

இந்த வெளிச்சத்தில், நம் திண்டுக்கல்லுக்கு வந்த ஒரு குழுவின் அன்றாட வாழ்வை இவ்வாரம் தியானிப்போம்.

அமெரிக்க மதுரை மிஷனின் தொடக்கம் அமெரிக்காவில் மட்டும் நிகழ்ந்ததன்று, யாழ்ப்பாணத்திலும் நிகழ்ந்தது. 1816 முதல் அமெரிக்க மிஷனெரிகள் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்துவந்தனர். 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி ஒன்றையும் நிறுவினர். 1834-இல் ஹென்றி ஹாய்சிங்டன், வில்லியம் டாட் ஆகிய இருவர் கடலைக் கடந்து மதுரைக்கு வந்தபோது, யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்களும் உடன்வந்தனர். மதுரை மக்கள் பேசியதைப் பிறப்பிலிருந்தே விளங்கிக்கொண்டவர்கள் அந்த உதவியாளர்களே. ஆகவே தொடக்க நாளிலேயே அது வெள்ளையர் குழுவாக மட்டும் இருக்கவில்லை. கடல் கடந்து வந்த தமிழரும் அதில் மிஷனெரிகளே.

மறு ஆண்டிலேயே, 1835-இல், திண்டுக்கல்லில் நிலையம் அமைந்தது. மலைக்கோட்டையும் அதைச் சூழ்ந்த சீமையும் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறி (1792) அப்போது நாற்பது ஆண்டுகளே கடந்திருந்தன. ராபர்ட் டுவைட், ஜான் லாரன்ஸ் ஆகியோர் இங்கே ஊழியம் செய்த முதல் தலைமுறையினர். சூயஸ் கால்வாய் திறக்கப்படாத காலம் அது. பாஸ்டன் துறைமுகத்தில் பாய்க்கப்பல் ஏறியவர் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி இப்பக்கம் வந்து சேர நான்கு மாதங்களுக்கு மேல் ஆகும். வீட்டிற்கு எழுதிய கடிதத்திற்கு மறுமொழி கிடைக்க ஓர் ஆண்டுகூடச் செல்லும்.

அவர்கள் நாள்களை எவ்வாறு கழித்தார்கள்? காலையில் முன்ஷியிடம் தமிழ்ப் பாடம். பிறகு பள்ளிகளைப் பார்வையிடுதல். அன்று பல கிராமப் பள்ளிகளில் இந்து ஆசிரியர்களே மிஷனின் சம்பளம் பெற்றுக் கற்பித்தனர். மிஷனெரிமாரின் மனைவியர் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் தையலும் கற்பித்தனர். வெயிலுக்கு அஞ்சி, தூரப் பயணங்களை இரவில் மாட்டு வண்டியில் மேற்கொண்டனர்.

பின்வந்த காலத்தில் மதுரை மிஷன் சுற்றுப்பிரயாண ஊழியத்தை ஒழுங்காக நடத்தியது. மிஷனெரிகளும் உபதேசிமாரும் ஒரு குழுவாகப் புறப்பட்டு, ஒரு தோப்பில் கூடாரமடித்துத் தங்குவார்கள். விடியுமுன் எழுந்து ஜெபித்து, சிறு சிறு பிரிவுகளாகப் பிரிந்து, சுற்றிலுமுள்ள ஊர்களுக்கு நடந்து செல்வார்கள். வெயில் ஏறியதும் கூடாரத்திற்குத் திரும்பி, உணவும் ஓய்வும் வேதபாடமும் முடித்து, மாலையில் மீண்டும் புறப்படுவார்கள். அருகிலுள்ள ஊர்கள் முடிந்ததும் கூடாரம் வண்டியில் ஏறி அடுத்த தோப்புக்குச் செல்லும். சமைத்தவர், வண்டி ஓட்டியவர், கூடாரம் சுமந்தவர் இல்லாமல் இவற்றில் ஒன்றும் நடந்திராது. ஆயினும் அவர்களில் பலருடைய பெயர்களை நாம் அறியோம், தேவன் அறிவார்.

இந்த வாழ்வுக்குக் கொடுத்த விலை பெரிது. காலராவும் காய்ச்சலும் பெரியவர்களையும் குழந்தைகளையும் வாரிக்கொண்டன. டுவைட் 1844-இல் மரித்தார். குளிர்ந்த காற்றைத் தேடி மிஷனெரிகள் முதலில் நம் சிறுமலையில் வீடு கட்டினார்கள்; அங்கும் காய்ச்சல் அவர்களை விடவில்லை. பிறகு 1845-இல் கோடைக்கானலில் முதல் இரு வீடுகளை எழுப்பினார்கள். இன்று நாம் சுற்றுலாவுக்குச் செல்லும் அந்த மலைநகரம், கல்லறைகளைத் தோண்டிக் களைத்தவர்கள் தேடிக்கொண்ட புகலிடமாகத் தொடங்கியது. சாலை இல்லாத அந்த மலைமேல் அவர்களைச் சுமந்து சென்றவை இவ்வூர் மக்களின் தோள்கள். அவர்கள் மலையேறியபோது, உபதேசிமாரின் குடும்பங்களோ அதே காலராவின் நடுவில் சமவெளியில்தான் இருந்தன. நன்றியோடு நினைவுகூரும்போது இந்த வேறுபாட்டையும் நினைவுகூருவது நேர்மையாகும்.

ஒரே குழுவில் உழைத்தவர்களிடையே இருந்த பிரிவு இது ஒன்று மட்டும் அன்று. அதைவிட ஆழமான பிரிவு ஒன்று உணவு வேளையில் வெளிப்பட்டது. ஒரே சுவிசேஷத்தைப் பிரசங்கித்துவிட்டுத் திரும்பிய உபதேசிமார், சாதியின் நிமித்தம் ஒரே இடத்தில் அமர்ந்து உண்ண மறுத்தனர். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெற்றவர்கள், ஒரே வீட்டில் சமைத்த சோற்றைப் பெறத் தயங்கினர்.

இது பழைய சிக்கல். 1606-இல் மதுரைக்கு வந்த கத்தோலிக்கத் துறவி ராபர்ட் தெ நொபிலி, இவ்வூர் மக்களிடம் நெருங்குவதற்காகப் புலால் நீக்கி, ஒருவேளை மட்டும் உண்டு, சந்நியாசியாக வாழ்ந்தார். அந்தத் தியாகம் மெய்யானது. ஆனால் அவருக்கு முன்பே மதுரையில் பரதவர் நடுவில் ஊழியம் செய்துவந்த தம் சபைச் சகோதரர் கொன்சாலோ பெர்னாண்டஸை விட்டுத் தனியே வாழவேண்டிய நிலைக்கும் அந்த வழி அவரைக் கொண்டுசென்றது. ஒரு சாராரோடு நெருங்குவதற்காக மற்றொரு சகோதரனோடு பந்தியைப் பிரிப்பதா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. புராட்டஸ்டண்டு சபைகளிலும் அது ஓயவில்லை. 1833-இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி அறவே நீங்கவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு விலகினர்.

1847-இல் மதுரை மிஷன் இந்தக் கேள்வியைத் தன் குழுவிடமே கேட்டது. சாதியைக் கைவிட்டதற்கு அடையாளமாக அனைவரும் கூடி உண்ணவேண்டும் என்றது. வேதபாடத்தில் தேறியவர்கள், ஆண்டுக்கணக்கில் ஊழியத்தில் இருந்தவர்கள் பலர் அந்தப் பந்திக்கு வர மறுத்தனர். உபதேசிமார் பலரை மிஷன் இழந்தது; வளர்ந்துகொண்டிருந்த ஊழியம் பின்னடைந்தது. காலப்போக்கில் சிலர் திரும்பி வந்தனர்.

இதை எளிதாக நியாயந்தீர்க்க நம்மால் இயலாது. சம்பளம் கொடுத்த அந்நியர் விதித்த நிபந்தனை அது. தங்களுக்குள் தங்கள் நாட்டின் நிறவேற்றுமையைச் சுமந்துவந்த தேசத்தார் அவர்கள். அந்நாளில் அமெரிக்காவில் அடிமைமுறை நீங்கியிருக்கவில்லை. மறுத்த உபதேசியாருக்கோ, உறவும் பிள்ளைகளின் திருமணமும் அந்த ஒரு கவளத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. இவை அனைத்தும் மெய்யே. எனினும், யாருடைய கையால் உண்ணமாட்டோமோ அவர்களிடம் தேவன் உங்களை நேசிக்கிறார் என்று சொல்லப் போவது எப்படி? இந்தக் கேள்வியை மிஷன் தன் தொகை குறைந்தபோதும் கைவிடவில்லை. அதன் அறிக்கைகளில் நான் மிகவும் மதிக்கும் வெற்றி, எண்ணிக்கை குறைந்த அந்த ஆண்டுதான்.

இவ்வழியில் பின்வந்த மருத்துவ மிஷனெரி எட்வர்டு செஸ்டர், 1902-இல் மரிக்கும் வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் திண்டுக்கல்லைத் தம் ஊராகக் கொண்டு, நோயாளிகளைத் தொட்டுக் குணமாக்கினார். பயணமாக வந்தவர்களின் வாழ்வு இவ்வூரின் வாழ்வாகவே மாறியது.

அன்பானவர்களே, இன்று பெறுகிற சபைகளாக மட்டும் நாம் இல்லை. அனுப்புகிற சபைகளாகவும் இருக்கிறோம். நம் பிள்ளைகள் குழுக்களாக வடமாநிலங்களுக்கும் நேபாளத்திற்கும் செல்கின்றனர். அவர்கள் எத்தனை ஊர்களில் பேசினார்கள் என்று கேட்கிறோம். யாருடைய வீட்டில் உண்டார்கள், சமைத்தவரின் பெயரை அறிந்தார்களா, உடன்வந்த மொழிபெயர்ப்பாளரைச் சகோதரனாக நடத்தினார்களா என்றும் கேட்போமாக.

அதற்கு முன், நம் சபை அசனத்தைப் பார்ப்போமாக. அங்கே யார் அடுப்படியில் அனுமதிக்கப்படுகிறார்? யார் பரிமாறுகிறார்? யாருக்கு அருகில் ஓர் இலை காலியாகவே கிடக்கிறது? நம் வீட்டுத் திருமண அழைப்பிதழ்கள் எந்தத் தெருவின் எல்லையில் நின்றுவிடுகின்றன? 1847-இல் நம் முன்னோரிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அவர்கள் தங்கள் விடையைக் கொடுத்துவிட்டார்கள். நம்முடைய விடை இன்னும் நிலுவையில் இருக்கிறது. வரும் அசனத்தன்று, இதுவரை நாம் அருகில் அமராத ஒருவருக்கு அருகில் அமர்ந்து அதைக் கொடுக்கத் தொடங்குவோம்.

ஜெபம்: ஆயக்காரரோடும் பாவிகளோடும் பந்தியிருந்த ஆண்டவரே, எங்கள் வாயின் சாட்சியும் எங்கள் பந்தியின் சாட்சியும் ஒன்றாயிருக்க அருள்புரியும். பெயர் அறியப்படாமல் உழைத்தவர்களுக்காக உம்மைத் துதிக்கிறோம். எங்களைப் பிரிக்கும் சுவர்களை எங்கள் நடுவிலிருந்தே இடித்துப்போடும். ஆமென்.