"எங்க கழுவணும் தம்பி?" – சத்திரத்திலிருந்து ஏசி ஓட்டல் வரை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, கனகம்மாசத்திரத்தில் புதிதாகத் திறந்த ஒரு ஏசி ஓட்டலுக்குக் குடும்பத்தோடு சாப்பிடப் போனோம். தங்கைக்கு வேலை கிடைத்த சந்தோஷம். வாசலில் கலர் விளக்கு, செல்ஃபி எடுக்க ஓர் ஊஞ்சல், மேசையில் ஒட்டிய கியூஆர் கோடு. பிள்ளைகள் தந்தூரியும் ஃபிரைட் ரைஸும் சொன்னார்கள். ஆயா ரெண்டு இட்லி போதும் என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் ஆயா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். பரிமாறிய பையனைப் பார்த்து, "எங்க கழுவணும் தம்பி?" என்று கேட்டார். "வெச்சிடுங்க பாட்டி, நாங்க எடுத்துக்கிறோம்" என்று அவன் சிரித்தான். பிள்ளைகளும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

ஆயாவின் இளவயதில் ஊர் டீக்கடையில் நம் சேரிக்காரர்களுக்குத் தனிக் குவளை. பெஞ்சில் உட்காரக் கூடாது. குடித்த குவளையை நாமே கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். கடை போய்விட்டது. கை மட்டும் அந்தப் பழக்கத்தை இன்னும் விடவில்லை.

"காசு இருந்தா இப்ப யார் வேணா எங்க வேணா சாப்பிடலாம், சாதி எங்க இருக்கு?" என்று கல்லூரியில் உங்களிடம் கேட்பார்கள். அந்த நாற்காலி காசால் வந்ததா? வரலாற்றைப் பார்ப்போம்.

நம் ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. திருத்தணிக்கும் திருப்பதிக்கும் போகிற சாலை இது. இத்தகைய யாத்திரைச் சாலைகளில் சத்திரம் கட்டிச் சோறு போடுவது பெரிய தர்மம். ஆனால் தர்மத்திலும் வரிசை இருந்தது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், தம் சத்திரங்களில் பிராமணர் முதல் பறையர் வரை எல்லோருக்கும் உணவு தரப்படுகிறது என்று பெருமையோடு சொல்கிறார். சமைத்த சோறு உண்ணாதவர்களுக்கு அரிசியும் மளிகையும் தனியே தரப்படும் என்றும் அதே கடிதம் சொல்கிறது. இன்னொருவர் கை பட்ட சோற்றை மறுக்கும் உரிமைக்கும் அங்கே ஏற்பாடு இருந்தது. பசி தீர்ந்தது, பந்தி ஒன்றாகவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் காபி ஓட்டல்கள் வந்தன. இது தர்மம் அல்ல, வியாபாரம். காசு கொடுத்தால் காபி. அப்படியென்றால் சாதி வெளியே நின்றிருக்க வேண்டும். நின்றது நாம்தான். பல ஓட்டல்களில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்ற சாதி இந்துக்களுக்குத் தனி இடம். பஞ்சமர்களுக்கு அனுமதியில்லை என்று பலகையே வைத்த கடைகளும் இருந்தன. காசின் நிறம் ஒன்றுதான், அதை நீட்டிய கை எது என்று பார்த்தார்கள்.

இங்கே இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டின் உணவகப் போராட்ட வரலாறு இரண்டு தடத்தில் போகிறது. ஒன்று, உள்ளே இருந்த தடுப்பை உடைத்த போராட்டம். 1924-25இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எழுந்தார்கள். ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர், இதரர் என்றிருந்த பிரிவினை 1941இல் முடிவுக்கு வந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் மறியல் நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். இவையெல்லாம் நமக்கும் சொந்தமான வரலாறு.

ஆனால் நம் பிரச்சினை தடுப்புக்கு முன்பே, வாசற்படியிலேயே தொடங்கியது. அதுதான் இரண்டாவது தடம். அதைப் பாடப்புத்தகங்கள் குறைவாகவே சொல்கின்றன. 1924இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் கேட்டது என்ன? பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும், பொது இடங்களுக்குள் போகவும் நம் மக்களைத் தடுக்கக் கூடாது என்பதே. 1938இல் எம்.சி.ராஜாவின் முயற்சியால் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது.

1948 நவம்பர் 29. அரசியல் நிர்ணய சபையில், கடைகளிலும் உணவகங்களிலும் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவு விவாதத்தில் இருந்தது. சென்னை மாகாணத்திலிருந்து போன தலித் உறுப்பினர் எஸ்.நாகப்பா, 'கடை' என்றால் எதெல்லாம் அடங்கும் என்று விடாமல் கேட்டார். தம்மை நாடி வருகிற எவருக்கும் சேவை தரத் தயாராக ஒருவர் திறந்து வைத்திருக்கும் இடம் எதுவோ அது கடை என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். அதுதான் இன்றைய 15(2) பிரிவு. நாம் உட்கார்ந்த அந்த ஏசி நாற்காலியின் உரிமைப் பத்திரம் இதுதான்.

1960 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் கிரீன்ஸ்போரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் ஒரு கடையில் பொருள் வாங்கினார்கள். அதே கடையின் உணவுப் பகுதியில் உட்கார்ந்தபோது பரிமாற மறுக்கப்பட்டது. அவர்கள் எழுந்திருக்கவில்லை. 1964இல் அங்கே சட்டம் வந்தது. நம் சட்டம் அதற்கு முன்னதாகவே வந்துவிட்டது. ஆனால் அதே 1960 ஏப்ரலில் திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தபோது, மாநில எல்லைதான் நகர்ந்தது. டீக்கடையில் நம் குவளை அதே இடத்தில்தான் இருந்தது.

ஏன்? 1955ஆம் ஆண்டு தீண்டாமைச் சட்டம், உணவகத்துக்குள் விட மறுப்பதையும் அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தத் தடுப்பதையும் குற்றமாக்கியது. 1976இல் திருத்தி, ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் 100 முதல் 500 ரூபாய் வரை அபராதமும் என்று வைத்தார்கள். அன்று நாங்கள் சாப்பிட்ட பில் அதைவிட அதிகம். 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம்தான் இதே குற்றத்துக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. இந்த இரண்டாவது சட்டத்தைச் சொல்லிப் புகார் எழுதத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாசற்படியைத் தாண்டினோம், உட்கார்ந்தோம். இன்னும் மிச்சமிருப்பது அடுப்பு. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தகராறு செய்தார்கள். சரபோஜி காலத்தில் பச்சரிசி வாங்கிப் போன அதே மனம்தான் இது. அவர்கள் சோற்றை நாம் உண்பது மட்டும் சமத்துவம் அல்ல. நம் கைச் சோற்றை அவர்களும் உண்ண வேண்டும்.

அன்று வீடு திரும்பும்போது பிள்ளைகள், "ஆயா ஏன் தட்டு கழுவக் கேட்டாங்க?" என்றார்கள். அப்பா முதல்முறையாக அந்த டீக்கடையைப் பற்றிச் சொன்னார். நாங்களே கேட்டிராத விஷயங்கள் அதில் இருந்தன. தோழர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு ஆயா இருப்பார். எந்தக் கடை, எந்தக் குவளை, எந்த ஆண்டுவரை என்று கேட்டு எழுதி வையுங்கள். நாளை யாராவது "சாதி எங்க இருக்கு?" என்று கேட்டால் எடுத்துக் காட்ட நம்மிடம் அது இருக்க வேண்டும்.